தாத்தாவைப் போருக்கு அனுப்பலாமா?

"மாமா, நேத்து நைட்டு நீங்க செத்துட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த என்னிடம் அக்கா மகன் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். பையன் இன்ஜினீயரிங் முதலாம் ஆண்டு. லீவுக்கு வந்தால் பாதி ராத்திரிவரை போனும் கையுமாகத்தான் இருப்பான். எப்படிச் செத்தேன் என்று விசாரித்தேன். சுவர் ஓரமாகப் பதுங்காமல் தைரியமாக முன்னால் ஓடினேனாம். பின்னால் ஒளிந்திருந்த வேற்றுக்கிரகவாசி சுட்டுவிட்டானாம். "வீரமரணம்தான் மாமா, கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் வேறு சொன்னான்.

விஷயம் இதுதான். அவன் ஆடுவது 'எக்ஸ்காம்' என்ற சயின்ஸ் ஃபிக்‌ஷன் கேம். பூமிக்குப் படையெடுத்து வரும் வேற்றுக்கிரகவாசிகளை எதிர்க்க ஒரு ரகசியப் படை. அதற்குத் தலைவர், ஆடுபவர். படைவீரர்களுக்கு நம் இஷ்டப்படி பெயர் வைக்கலாம். அவன் மொத்தக் குடும்பத்தையும் படையில் சேர்த்துவிட்டான். அக்கா, தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர். அத்தான், பெரிய துப்பாக்கி தூக்கும் 'ஹெவி'. நான், முன்னால் ஓடிச் சாகும் 'அசால்ட்'. இதில் செத்த வீரர் செத்தவர்தான். அடுத்த லெவலில் எழுந்து வரமாட்டார். அவர் பெயர் நினைவுச் சுவரில் ஏறிவிடும்.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். கடைசியில் ஒரு பெயர். என் அப்பாவின் பெயர். போன ஆவணியில்தான் அவர் தவறினார்.

ஒரு சண்டைக்கும் போகாத, பதவி உயர்வே வாங்காத புதுமுக வீரராக அந்தப் பெயர் அப்படியே இருந்தது. "தாத்தாவை அனுப்பவே இல்லையாடா?" என்றேன்.

"அனுப்பினா செத்துடுவாரே மாமா."

கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஒரு பெயர், நாலைந்து எண்கள். அவ்வளவுதான் அந்த வீரர். அதை இழக்க ஒரு பத்தொன்பது வயதுப் பையன் ஏன் பயப்படுகிறான்? அந்தப் பயம் தானாக வந்தது இல்லை. யாரோ உட்கார்ந்து, யோசித்து, அழித்து அழித்து எழுதி உருவாக்கியது. அது யார் என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு கேம், ஒரு படை

இங்கிலாந்துக்காரர் ஜூலியன் கோலப். 1965-ல் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டில் அப்பா அறிமுகப்படுத்திய செஸ், சீட்டுக்கட்டு, பலகை ஆட்டங்கள் என்று வளர்ந்தவர். எண்பதுகளில் இங்கிலாந்து வீடுகளுக்குள் நுழைந்த ஸ்பெக்ட்ரம் என்ற சின்னக் கம்ப்யூட்டரில் தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். 1984-ல் 'ரெபல்ஸ்டார் ரெய்டர்ஸ்', 1988-ல் 'லேசர் ஸ்குவாட்' என்று கேம்கள் வந்தன. எல்லாமே ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்தும் முறை. ஆனால், காய்களுக்குப் பதில் துப்பாக்கி ஏந்திய மனிதர்கள். லேசர் ஸ்குவாடில் எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரியாது. நம் ஆள் பார்வைக்கு வந்தால்தான் தெரியும்.

லேசர் ஸ்குவாடின் அடுத்த பாகத்தை எடுத்துக்கொண்டு, 'மைக்ரோபுரோஸ்' நிறுவனத்தின் இங்கிலாந்து அலுவலகத்துக்குப் போனார்கள் ஜூலியனும் அவர் சகோதரர் நிக்கும். அப்போது அந்த நிறுவனம் சிட் மெய்யரின் 'சிவிலைசேஷன்' என்ற பிரமாண்ட கேமின் வெற்றியில் இருந்தது. சகோதரர்கள் காட்டியது அவர்களுக்குப் பிடித்தது. ஆனால், 'இது சின்னது. இன்னும் பெரிதாக வேண்டும். பூமியில் நடக்க வேண்டும். பறக்கும் தட்டு இருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்து புதுப்புது ஆயுதம் கண்டுபிடிக்கிற வசதி வேண்டும்' என்று கேட்டார்கள். நம்மூர் தயாரிப்பாளர் கதை கேட்டுவிட்டு 'ஒரு குத்துப்பாட்டு, ஒரு சென்டிமென்ட்' என்று சேர்க்கச் சொல்வதைப் போலத்தான்!

பல கேம்கள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகும். கேட்டதையெல்லாம் ஒட்டவைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும். கோலப் செய்தது வேறு. இரண்டு அடுக்காகப் பிரித்தார். மேலே ஓர் உலக உருண்டை. அங்கே நீங்கள் நிர்வாகி. 16 நாடுகள் மாதாமாதம் பணம் தரும். இந்தியாவும் அதில் உண்டு. அந்தப் பணத்தில் தளம் கட்ட வேண்டும், விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், பறக்கும் தட்டைத் துரத்த விமானம் வாங்க வேண்டும். ஒரு நாட்டைக் கவனிக்காமல் விட்டால் அது பணத்தைக் குறைக்கும், ஒருநாள் கைவிட்டுவிடும். கீழே சண்டைக்களம். அங்கே நீங்கள் தளபதி. இருட்டு, கோதுமை வயல், ஒரு பண்ணை வீடு, எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ தெரியாது.

இந்த இரண்டையும் இணைப்பது எது? சண்டையில் கைப்பற்றிய துப்பாக்கி மேலே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகும். அங்கிருந்து புதிய ஆயுதமாகக் கீழே வரும். அது ஓர் இணைப்பு. இன்னோர் இணைப்பு, வீரர்கள். அதுதான் முக்கியமானது. பணம் கொடுத்தால் புது ஆள் கிடைப்பார். ஆனால், அனுபவசாலி கிடைக்கமாட்டார். சுடச் சுடக் குறி மேம்படும். பதற்றத்தில் நிற்க நிற்கத் தைரியம் கூடும். பத்துச் சண்டை பார்த்த ஒருவரைப் பெற ஒரே வழி, ஒருவரைப் பத்துச் சண்டைக்கு அனுப்பி உயிரோடு கூட்டிவருவதுதான்.

'ஸ்ட்ராட்டஜி' என்பது கணக்கு. 'ரோல்-பிளேயிங்' என்பது பாசம். ஒரு பாத்திரத்தை வளர்த்து ஆளாக்குகிற விளையாட்டு அது. கணக்குப்படி ஒருவரை இழப்பது லாபமாக இருக்கலாம். பாசம் விடாது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் அந்த மனிதர் செய்த வேலை.

'யூஎஃப்ஓ: எனிமி அன்னோன்' என்ற பெயரில் 1994-ல் அது வெளியானது. அமெரிக்காவில் 'எக்ஸ்காம்'. வெளியாகாமலே போயிருக்கவும் வாய்ப்பு இருந்தது. நடுவில் மைக்ரோபுரோஸை வேறு நிறுவனம் வாங்கியது. புது முதலாளிகள் இந்த கேமை நிறுத்தச் சொன்னார்கள். இங்கிலாந்து அலுவலகத்தில் இருந்தவர்களோ, நிறுத்தாமலேயே வேலையைத் தொடரவிட்டார்கள். கோலப்புக்கே இது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். ஆறு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற கேம் அது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த முதல் கேமில் எளிது, கடினம் என்று ஐந்து நிலைகள். புரோகிராமில் ஒரு பிழை. சேமித்த ஆட்டத்தை மறுபடி திறந்தால், நீங்கள் எந்த நிலையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அது சத்தமில்லாமல் ஆரம்ப நிலைக்கு இறங்கிவிடும். யாருக்கும் தெரியாது. கில்லாடி ஆட்டக்காரர்கள் 'உச்ச நிலைகூட ரொம்ப எளிதாக இருக்கிறதே' என்று குறைபட்டார்கள். அதை நம்பி, 1995-ல் வந்த இரண்டாம் பாகத்தைப் பயங்கரக் கடினமாக்கினார்கள். பாவம், சாதாரண ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆட்டக்காரர் சொல்லும் புகாரைக் கேட்க வேண்டும், ஆனால் காரணத்தை நாமே தேட வேண்டும் என்று கேம் வடிவமைப்பு வகுப்பில் பாடமாகவே வைக்கலாம்.

ரசிகர் கையில் சாவி

என் அக்கா மகன் ஆடுவது அந்தப் பழைய கேம் இல்லை. அதை 2012-ல் புதிதாக எடுத்தவர் அமெரிக்கர் ஜேக் சாலமன். சின்ன வயதில் எக்ஸ்காமைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர். பிறகு சிட் மெய்யரின் 'ஃபிராக்ஸிஸ்' நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். எக்ஸ்காமை மறுபடி எடுக்க ஒருமுறை வாய்ப்பு கிடைத்துச் சொதப்பினார். சில மாதங்களில் அது கைவிடப்பட்டது. 2008-ல் மறுபடி வாய்ப்பு.

ரசிகர் இயக்குநரானால் என்ன ஆகும்? பழையதைத் தொட மனசு வராது. சாலமனுக்கும் அப்படித்தான் ஆனது. பழைய கேமில் ஒவ்வொரு வீரருக்கும் 'நேர அலகு' என்று ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி வைத்தால் இத்தனை, குனிந்தால் இத்தனை, திரும்பிப் பார்த்தால் ஒன்று, சுட்டால் இத்தனை சதவிகிதம் என்று கழியும். எதிரி வந்தால் திருப்பிச் சுட மிச்சம் வைக்க வேண்டும். மாதக் கடைசியில் பர்ஸில் இருக்கும் சில்லறையை எண்ணி எண்ணிச் செலவு செய்வதைப் போல. அதையே புது கேமிலும் வைத்துப் பார்த்தார். ஆடியவர்கள் திணறினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே விதி வைத்தார். ஒரு முறைக்கு ஒரு வீரருக்கு இரண்டு செயல். நகரலாம், பிறகு சுடலாம். சுட்டால் பொதுவாக அவர் முறை முடிந்தது.

சில்லறைக்குப் பதில் இரண்டே இரண்டு நோட்டு. பழைய ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். 'கேமை எளிமையாக்கிக் கெடுத்துவிட்டான்' என்றார்கள். எனக்குத் தோன்றுவது: எளிமையானது எண்ணிக்கைதான், முடிவு இல்லை. முன்பு ஒரு தப்பு செய்தால், பத்துச் சின்னக் கணக்குகளில் எதில் தப்பு என்றே தெரியாது. இப்போது 'நான்தான் அந்தச் சுவரைத் தாண்டி அவரை ஓடவிட்டேன்' என்று தெளிவாகத் தெரியும். பழி தெளிவாக விழும்போதுதான் வலிக்கும். ஆனாலும், பழையதில் ஒரு வீரர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு, மீதி அலகோடு பின்வாங்கி வருவாரே, அந்த நுணுக்கம் போய்விட்டது. அதை இழப்பு இல்லை என்று சொல்லமாட்டேன்.

படையையும் சுருக்கினார். பழைய கேமில் ஒரு விமானத்தில் பதினான்கு பேர்கூடப் போகலாம். புதியதில் ஆரம்பத்தில் நான்கு பேர், அதிகபட்சம் ஆறு. பதினான்கு பேரில் ஒருவர் செத்தால் செய்தி. நான்கு பேரில் ஒருவர் செத்தால் துக்கம். பெரும்பாலான பதவி உயர்வுகளில் இரண்டு திறமைகளில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். சார்ஜென்ட் ஆனதும் கேமே ஒரு பட்டப்பெயர் வைக்கும். ஆக, ஒருவர் மாதிரி இன்னொருவர் இருக்கமாட்டார்.

மேல் அடுக்கிலும் ஒரு கொடுமையான விதியை வைத்தார். ஒரே நேரத்தில் மூன்று நாடுகளில் ஆட்களைக் கடத்துவார்கள். நீங்கள் போகக்கூடியது ஓரிடத்துக்கு மட்டும். மற்ற இரண்டில் பீதி கூடும். பீதி உச்சத்துக்குப் போன நாடு விலகும். எட்டு நாடுகள் விலகினால் ஆட்டம் முடிந்தது. நன்றாக ஆடினாலும் யாரையோ கைவிட்டுத்தான் ஆக வேண்டும். 'எங்கே போவது' என்று கேட்பதைப் போலத் தெரியும். உண்மையில், யாரைக் கைவிடுவது என்றுதான் அது கேட்கிறது.

(பெற்றோர் கவனத்துக்கு: இந்த கேம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்று ஐரோப்பாவில் தரம் பிரித்திருக்கிறார்கள். ரத்தம் உண்டு. வாண்டுகள் கையில் கொடுக்க வேண்டாம்.)

85 சதவிகிதம் என்றால் என்ன?

"மாமா, 85 பர்சென்ட்னு காட்டுச்சு. அம்மா சுட்டா. தப்பிடுச்சு. அதனாலதான் நீங்க செத்தீங்க. கேம் ஏமாத்துது!"

எக்ஸ்காம் ஆடிய யாரைக் கேட்டாலும் இந்தப் புலம்பல் இருக்கும். ஒரு கணக்கு போடுவோம். ஒருமுறை சுட்டால் படுவதற்கு 85 சதவிகிதம் வாய்ப்பு. ஆறு முறை சுட்டால் ஆறும் படுவதற்கு? 0.85-ஐ ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.38. அதாவது, ஆறு குண்டில் ஒன்றாவது தப்புவதற்கு 62 சதிவிகித வாய்ப்பு. ஒரு சண்டையில் ஆறு முறைக்கு மேலேயே சுடுவோம். தப்புவது அதிசயம் இல்லை, தப்பாமல் இருப்பதுதான் அதிசயம். ஆனால், நம் மனசு 85-ஐப் பார்த்ததும் அதை நூறு என்று எடுத்துக்கொள்கிறது.

இதைப் பற்றி சிட் மெய்யர் 2010-ல் கேம் வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்று பலம் நம் பக்கம் இருக்கும்போது தோற்றால், ஆடுபவர்கள் கேமில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். அதே மூன்றுக்கு ஒன்று எதிரியின் பக்கம் இருந்து நாம் ஜெயித்துவிட்டால், எந்தப் புகாரும் இல்லை. அது நம் திறமையாம்! பரீட்சையில் மார்க் வந்தால் 'நான் வாங்கினேன்', குறைந்தால் 'வாத்தியார் போட்டார்' என்கிற கதைதான்.

அப்படியானால், வடிவமைப்பாளர் என்ன செய்வது? 2016-ல் வந்த 'எக்ஸ்காம் 2'-ல் எளிய நிலைகளில் ஒரு ரகசிய உதவி வைத்தார்கள். திரையில் காட்டுவதைவிட உண்மையான வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அடுத்தடுத்துத் தப்பினால் இன்னும் கூடும். உயர்ந்த நிலையில் இந்தச் சலுகை கிடையாது. அதாவது, என் அக்கா மகன் சொன்னதில் பாதி உண்மை. கேம் பொய் சொல்லத்தான் செய்கிறது, ஆனால் அவனுக்குச் சாதகமாக!

இது சரியா? முதலில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. காட்டுகிற எண்ணை நம்பி ஒருவர் தான் வளர்த்த வீரரைப் பணயம் வைக்கிறார். அந்த எண்ணிலேயே கலப்படம் என்றால்? ஆனால், உள்ளது உள்ளபடி காட்டினால் பலர் பொய் என்கிறார்கள். பொய்யைக் காட்டினால்தான் நியாயம் என்று உணர்கிறார்கள். சாலமன் மனிதர்களைப் புரிந்துகொண்டு வளைந்துகொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வளையாதவர்களும் உண்டு. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் இருவரும் 2018-ல் 'இன்டூ தி ப்ரீச்' என்ற கேமைக் கொண்டுவந்தார்கள். எட்டுக்கு எட்டுக் கட்டம். செஸ் பலகை அளவு. மூன்று ராட்சத இயந்திரங்கள் நம் பக்கம், பூமிக்கு அடியிலிருந்து கிளம்பும் பூச்சிகள் எதிர்ப்பக்கம். சுட்டால் படும். குறி தப்பும் சதவிகிதம் என்ற பேச்சே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். எல்லாம் தெரியும். ஆனாலும், இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றினால் அந்தக் கட்டடம் போகும் என்ற நிலை வரும். சினிமாவில் ஹீரோ சண்டை போடும்போது ஊரே இடிந்து விழும், யாரும் கவலைப்படமாட்டார்கள் அல்லவா? இங்கே கட்டடம் இடிந்தால்தான் தோல்வி. அதிர்ஷ்டத்தைக் குறைத்தால் பழி முழுக்க நம் தலையில் விழும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு இரண்டு நாளில் தலைவலி வந்தது. 2022-ல் நெட்ஃப்ளிக்ஸ் மூலம் போனுக்கும் வந்தது, துணிந்தவர்கள் முயன்று பார்க்கலாம்.

கோலப் என்ன ஆனார்? பல்கேரியாவுக்குக் குடிபெயர்ந்தார். 2019-ல் 'பீனிக்ஸ் பாயின்ட்' என்ற கேமை வெளியிட்டார். அதில் சதவிகிதத்தையே எடுத்துவிட்டு ஒரு வட்டத்தைக் காட்டினார். குண்டு அந்த வட்டத்துக்குள் எங்கேயாவது போகும். எதிரியின் உடம்பு வட்டத்தை எவ்வளவு நிறைக்கிறதோ அவ்வளவு நல்லது. எண்ணை நம்பாத மனசு கண்ணை நம்பும். முப்பது வருடத்துக்கு முன் தான் ஆரம்பித்த வாக்குவாதத்துக்கு அவரே ஒரு பதில் தேடியதைப் போல எனக்குப் பட்டது.

கட்டம்போட்ட நோட்டில் ஒரு செவ்வாய் கிரகம்

இவ்வளவையும் படித்த ஜோரில், "நாமே ஒண்ணு செய்வோமாடா?" என்றேன். கம்ப்யூட்டர் வேண்டாம். கட்டம்போட்ட நோட்டு, பரமபதப் பெட்டியிலிருந்து இரண்டு பகடை, வீரர்களுக்குப் புளியங்கொட்டை. ஆறாவது படிக்கும் அக்கா மகளும் சேர்ந்துகொண்டாள்.

கதை தயார். செவ்வாய் கிரகத்தில் நான்கு குடியிருப்புகள். நிலத்துக்கு அடியில் இருக்கும் பனியைத் தோண்டி நீர் எடுக்கிறார்கள். மணற்புயல் அடிக்கும்போதெல்லாம், பழுதாகிப் பைத்தியம் பிடித்த பழைய ரோபோக்கள் தாக்கவருகின்றன. ரோபோக்கள் எண்ணிக்கையில் குறைவு, பலத்தில் அதிகம். நம் ஆட்கள் அதிகம், ஆனால் மெலிந்தவர்கள். ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்று வைத்தவர் யாரோ, அவருக்கு நன்றி.

முதல் நாளே நாங்கள் சாலமனின் குழியில் விழுந்தோம். தண்ணீர், ஆக்சிஜன், மின்சாரம், உணவு, உதிரிபாகம், மருந்து என்று பதினொரு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் வரவு செலவு. பேங்கில் வேலைபார்க்கும் அத்தானை உட்காரவைத்து ஆடச் சொன்னோம். அரை மணி நேரம் பொறுமையாக எழுதிவிட்டு, "டேய், இது கேம் இல்ல, ஆடிட்டிங்" என்று எழுந்துவிட்டார். அன்று ராத்திரி எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தண்ணீர், மின்சாரம் இரண்டை மட்டும் வைத்தோம். இரண்டும் எப்போதும் பற்றாது. ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும். மறுநாள் அத்தான் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அடுத்தது சுடும் விதி. இரண்டு பகடை உருட்டி 5 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பட்டது. முப்பத்தாறு வாய்ப்பில் முப்பது, அதாவது 83 சதவிகிதம். சின்னவள் உருட்டினாள். மூன்று. மறுபடி உருட்டினாள். நான்கு. பகடை ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. "இந்தப் பகடை பொய் சொல்லுது!" அடுத்தடுத்து இரண்டு முறை தப்ப முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு உண்டு என்று அண்ணன் விளக்கியது அவள் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால்தான் ஆச்சர்யம்.

எக்ஸ்காம் 2-ஐப் போல ரகசியமாக உதவ முடியாது. இங்கே பகடை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உருள்கிறது. அதனால், உதவியை வெளிப்படையாக வைத்தோம். ஒருமுறை தப்பினால் ஒரு சோழி கிடைக்கும். அடுத்த முறை உருட்டுவதற்கு முன் சோழியைக் கொடுத்தால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். அதே உதவிதான். ஆனால், பொய் இல்லை. தப்பினாலும் கையில் ஏதோ கிடைக்கிறது. பிறகு பகடையை யாரும் திட்டவில்லை.

பெரிய சிக்கல் மூன்றாவதாக வந்தது. எக்ஸ்காமில் பார்த்த அதே சிக்கல். அவரவர் தனக்குப் பிடித்த வீரரைத் தளத்திலேயே உட்காரவைத்துவிட்டு, பெயர் வைக்காத புளியங்கொட்டைகளைச் சாக அனுப்பினார்கள். வீரர் செத்துவிடுவார் என்ற பயம் அளவுக்கு மீறினால் ஆட்டமே நின்றுவிடும். இழப்பே இல்லை என்றால் யாருக்கும் அக்கறை இருக்காது. நடுவில் எங்கே கோடு போடுவது? பெரியவன் கவசம் கொடுக்கலாம், மருத்துவர் வைக்கலாம் என்று ஏதேதோ சொன்னான். ஒன்றும் சரிவரவில்லை.

சின்னவள்தான் சொன்னாள். "ஆறு தடவை போய்ட்டு உயிரோட வந்தா ரிட்டயர்டுன்னு வெச்சுக்கலாம். அப்புறம் சண்டைக்குப் போக வேண்டாம். வீட்ல உக்காந்து புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும்."

"நல்ல பிளேயரை கேமே புடுங்கிக்கிற மாதிரி ஆயிடும்" என்று அண்ணன் எதிர்த்தான். ஆனால், எழுதிப் பார்த்தோம். ஒரு சண்டையில் ஒருவர் சாக எங்கள் கேமில் ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு. ஆறு சண்டை தாண்டிப் பிழைக்க 53 சதவிகிதம். பத்துச் சண்டை என்று வைத்தால் 35 சதவிகிதமாக இறங்கிவிடும். ஆறே சரி. பாதிப் பேர் வீடு திரும்புவார்கள். ஓய்வுபெற்றவர் தன் திறமைகளில் ஒன்றைப் புதியவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். அனுபவம் வீணாகாது, கை மாறும்.

ஒரே விதிதான். ஆட்டம் மொத்தமாக மாறிவிட்டது. தளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஓய்வு கிடைக்காதே. போனால்தான் திரும்ப முடியும். எல்லோரும் தங்கள் ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். நான் இரண்டாவது சண்டையிலேயே வழக்கம்போலச் செத்தேன். அக்கா ஆறும் முடித்து ஓய்வுபெற்றாள்.

லீவு முடியும் கடைசி நாள் மத்தியானம், பெரியவன் ஒரு புது புளியங்கொட்டையை எடுத்து வெள்ளை மையால் ஓர் எழுத்து எழுதினான். தாத்தா. முதல் சண்டை, இரண்டாவது, மூன்றாவது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, முறத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என்ன விதி என்று கேட்டார். சின்னவள் சொன்னாள்.

"அவரும் ரிட்டயர் ஆன பெறகுதான் நல்லா இருந்தார்" என்றார் அம்மா.

ஐந்து சண்டை முடிந்தது. ஆறாவது. கட்டத்தின் ஓரத்தில் தாத்தா, மூன்று கட்டம் தள்ளி ஒரு ரோபோ. சோழி ஒன்றும் மிச்சம் இல்லை. பெரியவன் பகடையை எடுத்தான், வைத்தான், பிறகு பாட்டியின் கையில் கொடுத்தான்.

அம்மா இரண்டு கைகளையும் குவித்துக் குலுக்கிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை விழணும்?"

"அஞ்சு, பாட்டி. அஞ்சோ, அதுக்கு மேலயோ."